டிரைவர் எப்போது தூங்கினார்?

வேன் டெண்டருக்கு நான்கு கவர் வந்தால், யாருக்குப் போகும் என்று பிரிப்பதற்கு முன்பே சொல்லிவிடலாம். ட்ரிப்புக்கு ஐம்பது ரூபாய் குறைத்துப் போட்டவருக்குத்தான். ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் வட்டாரத்துத் தொழிற்சாலைகளில் பல வருடம் டிரான்ஸ்போர்ட் பொறுப்பில் உட்கார்ந்து இதைப் பார்த்தவள் நான். கவருக்குள் ஆர்.சி., இன்சூரன்ஸ், எஃப்.சி., பெர்மிட், டிரைவர் லைசென்ஸ், போலீஸ் வெரிஃபிகேஷன் என்று எல்லா நகலும் ஒழுங்காக இருக்கும். பர்ச்சேஸ்காரர் எண்ணிப் பார்த்து டிக் போடுவார். அதற்குப் பிறகு பேச்செல்லாம் விலையைப் பற்றித்தான். அந்த ஐம்பது ரூபாயை டிராவல்ஸ்காரர் எங்கே குறைத்தார் என்று மட்டும் ஒருவரும் கேட்கமாட்டார். டீசல் எல்லோருக்கும் ஒரே விலை. டயரும் அப்படித்தான். இன்சூரன்ஸில் பேரம் பேச முடியாது. மிச்சம் இருப்பது டிரைவர் சம்பளம் ஒன்றுதான். அதைக் குறைத்தால் அவர் தூக்கம் தானாகக் குறையும்.

இதே கம்பெனியில் பாதுகாப்பான போக்குவரத்துக்கு ஒரு பாலிசியும் இருக்கும். வரவேற்பறையில் கண்ணாடிச் சட்டத்துக்குள் மாட்டியிருப்பார்கள். வண்டியில் கேமரா, ஜி.பி.எஸ்., பேனிக் பட்டன், தீயணைப்பான், முதலுதவிப் பெட்டி எல்லாம் அதில் வரும். ஆடிட்டுக்கு வருகிறவர் முதலுதவிப் பெட்டியைத் திறந்து, பஞ்சு இருக்கிறதா, மருந்து காலாவதி ஆகிவிட்டதா என்று பார்ப்பார். ஸ்டியரிங்கைப் பிடித்திருக்கிறவர் நேற்று எத்தனை மணி நேரம் படுத்தார் என்று கேட்ட ஆடிட்டரை நான் இன்னும் சந்திக்கவில்லை.

மூன்று ஷிப்ட் ஓடும் ஆலைக்கு வண்டி விடும் ஒரு வேன் டிரைவரின் நாளைச் சொல்கிறேன். ஷிப்ட் ஆறு மணி, இரண்டு மணி, பத்து மணி என்று மாறும். விடிகாலை நாலுக்கு எழுந்தால்தான் நாலரைக்கு முதல் பிக்கப்பில் நிற்க முடியும். செய்யாறு பக்கத்துக் கிராமங்களில் ஆளேற்றி ஐந்தே முக்காலுக்கு கேட்டுக்குள் இறக்கிவிடுவார். நைட் முடித்தவர்களை ஏற்றிக்கொண்டு அதே வழியில் திரும்பும்போது மணி எட்டு. எட்டேகாலுக்கு ஸ்கூல் ட்ரிப். வண்டிக்காரருக்கு மாதத் தவணை கட்ட கம்பெனி வாடகை மட்டும் போதாது, அதனால் பள்ளிக்கூடமும் பிடித்திருக்கிறார். பன்னிரண்டரைக்கு மறுபடி பிக்கப், இரண்டு மணிக்கு கேட், இரண்டரைக்குக் காலை ஷிப்டை இறக்கப் புறப்பாடு. அதை முடித்து ஓட்டமாக ஓடினால் நாலு மணி ஸ்கூல் ட்ரிப். இரவு எட்டரைக்கு நைட் ஷிப்டுக்கு ஆளேற்றுவது. பத்தரைக்கு, மாலை ஷிப்ட் முடித்த பெண்களை ஏற்றிக்கொண்டு வந்தவாசி சாலையில் இறங்கினால், கடைசி ஆளை விடும்போது நள்ளிரவாகிவிடும். மறுபடி நாலு மணிக்கு எழவேண்டும். ஞாயிற்றுக்கிழமை முகூர்த்தம் இருந்தால் அதே வண்டியில் கல்யாண கோஷ்டி போகும். இல்லாவிட்டால் திருப்பதி, மேல்மருவத்தூர்.

இடையில் கிடைக்கும் நேரத்தில் அவர் தூங்கமாட்டாரா என்று கேட்கலாம். தூங்குவார். பின்சீட்டில் காலை மடக்கி, ஜன்னலில் துண்டைத் தொங்கவிட்டு, வெயிலில் கொதிக்கும் வண்டிக்குள்ளேயே ஒரு மணி நேரம் கண்ணை மூடுவார். அதைத் தூக்கம் என்று கணக்கில் சேர்க்கலாமா என்பதை, அவர் பின்னால் உட்கார்ந்து போகிற பிள்ளைகளின் தாயிடம் கேட்டுப் பாருங்கள்.

எங்கள் பக்கத்தில் பல கேட்களில் டிரைவரை ஊதச் சொல்வார்கள். நல்ல வழக்கம்; குடித்துவிட்டு வந்தவரை அங்கேயே நிறுத்திவிடலாம். நம் மோட்டார் வாகனச் சட்டப்படி 100 மில்லி ரத்தத்தில் 30 மில்லிகிராமுக்கு மேல் ஆல்கஹால் இருந்தால் வண்டி ஓட்டக்கூடாது. 1997-ல் ‘நேச்சர்’ இதழில் ஆஸ்திரேலிய ஆய்வாளர்கள் ஒரு சோதனையின் முடிவை வெளியிட்டார்கள். தொடர்ந்து 17 மணி நேரம் விழித்திருப்பவரின் கை, கண் ஒருங்கிணைப்பு, ரத்தத்தில் 50 மில்லிகிராம் ஆல்கஹால் உள்ளவரின் அளவுக்குத் தளர்ந்துவிடுகிறது என்றது அது. அதாவது நம் சட்டம் ‘குடித்தவர்’ என்று பிடித்து உள்ளே வைக்கும் அளவையும் தாண்டி. நாலு மணிக்கு எழுந்தவருக்கு 17 மணி நேரம் இரவு ஒன்பதுக்கு நிறைகிறது. மதியம் அவர் கண்ணயர்ந்ததைக் கழித்தே பாருங்கள், பத்தரை மணி ட்ரிப்பை நிம்மதியாக அனுப்ப எனக்கு மனம் வராது. ஊதும் கருவியோ அவரைப் பார்த்துப் பூஜ்யம் காட்டும். செக்யூரிட்டி சல்யூட் வைத்து அனுப்புவார்.

சட்டம் இதை யோசிக்காமல் இல்லை. 1961-ஆம் ஆண்டின் மோட்டார் போக்குவரத்துத் தொழிலாளர் சட்டம் நாளுக்கு 8 மணி, வாரத்துக்கு 48 மணி என்று வரம்பு வைத்தது. ஐந்து மணி நேரத்துக்கு மேல் ஒரேயடியாக ஓட்டக்கூடாது, அரை மணியாவது ஓய்வு வேண்டும் என்றது. 2025 நவம்பரில் புதிய தொழிலாளர் சட்டத் தொகுப்புகள் வந்து பழைய சட்டங்கள் அவற்றுக்குள் போய்விட்டன. ஆனால் பழைய சட்டமே ஐந்து அல்லது அதற்கு மேற்பட்ட தொழிலாளர்களை வைத்திருக்கும் நிறுவனங்களைக் குறிவைத்துத்தான் எழுதப்பட்டது. எங்கள் பகுதியில் வேன் ஓட்டுகிறவர்களில் பாதிப்பேர் ஒற்றை வண்டிக்காரர்கள். பைனான்ஸில் எடுத்து, தாங்களே ஓட்டி, பெரிய டிராவல்ஸ்காரரின் கீழ் வண்டியை ‘அட்டாச்’ செய்தவர்கள். அவர்கள் நேரத்தை எந்த அதிகாரி எந்தப் பதிவேட்டில் பார்ப்பார்?

பார்க்கக்கூடிய ஒரே இடம் கம்பெனி கேட். வண்டி உள்ளே வந்த நேரம், வெளியே போன நேரம், டிரைவர் பெயர் என்று செக்யூரிட்டி நோட்டில் ஏற்கெனவே எழுதிக்கொண்டுதான் இருக்கிறார்கள். அதே நோட்டைத் திருப்பிப் பார்த்தால், காலை ஐந்தே முக்கால் ட்ரிப்பையும் இரவு பத்தரை ட்ரிப்பையும் ஒரே கை ஓட்டியது தெரிந்துவிடும். இதற்குச் சாப்ட்வேர் வேண்டாம். மூன்று ஷிப்டுக்கும் ஓடும் வண்டிக்கு இரண்டு டிரைவர் கட்டாயம் என்று ஒப்பந்தத்தில் ஒரு வரி எழுதி, அந்த இரண்டாவது ஆளின் சம்பளத்தையும் வாடகையிலேயே சேர்த்துக் கொடுத்தால் போதும். ‘டிராவல்ஸ்காரர் பார்த்துக்கொள்வார்’ என்று விட்டால் அவர் பார்த்துக்கொள்ளமாட்டார். பார்த்துக்கொண்டால் டெண்டரில் தோற்பார்.

அதோடு டிரைவர்களுக்கு ஓர் அறை. கோடி கோடியாகக் கொட்டி மெஷின் இறக்கும் ஆலையில், டிரைவர்கள் சைக்கிள் ஸ்டாண்டுக்குப் பின்னால் அட்டையை விரித்துப் படுத்திருப்பதைப் பார்த்திருக்கிறேன். நாலு கட்டில், மின்விசிறி, குளிக்கத் தண்ணீர், ஒரு கழிப்பறை, கேன்டீன் டோக்கன். ஒரு பேனிக் பட்டன் வாங்குவதைவிட இது உயிர் காக்கும் என்று மீட்டிங்கில் சொன்னால், “அவர் நம் எம்ப்ளாயி இல்லையே” என்று பதில் வரும். நம் எம்ப்ளாயிகள் இருபது பேர் உயிர் அவர் கையில் இருக்கிறது என்பது அந்தப் பதிலில் எங்கும் வராது.

இன்னொரு விஷயம், வெளியாட்களுக்குத் தெரியாதது. வண்டி பறப்பதற்கு டிரைவர் மட்டும் காரணமில்லை. கால் மணி தாமதமாக கேட்டுக்கு வந்தால் வாடகையில் அபராதம் பிடிப்பார்கள். உள்ளே இருக்கும் தொழிலாளிக்கு லேட் பன்ச் விழும். சில லேட் பன்ச் சேர்ந்தால் அரை நாள் சம்பளம் போகும், அதோடு மாதக் கடைசியில் அட்டென்டன்ஸ் போனஸும் போகும். இரண்டு பக்கமும் கத்தியைக் கட்டிவிட்டு வண்டிக்கு வேகக் கட்டுப்பாட்டுக் கருவி மாட்டுகிறோம். மழை நாளில் வாலாஜாபாத் ரோட்டில் லாரி வரிசை நின்றால், “அண்ணே, மிதிங்கண்ணே, பன்ச் போயிடும்” என்று பின்னாலிருந்து கத்துவது தொழிலாளிகளேதான். அவர்களைக் குறை சொல்ல எனக்கு மனமில்லை. கம்பெனி வண்டி தாமதமானால் அதில் வந்தவர்கள் யாருக்கும் லேட் கிடையாது என்று ஒரு சுற்றறிக்கை விட்டுப் பாருங்கள். வேகம் தானாகக் குறையும். நான் இருந்த ஓர் ஆலையில் இதை அமல்படுத்தினோம். புரொடக்ஷன்காரர்கள் ஒரு மாதம் முணுமுணுத்தார்கள். அப்புறம், லேட்டாகும் ரூட்டுக்கு வண்டியைப் பத்து நிமிடம் முன்னால் அனுப்பச் சொல்லி அவர்களே வந்து கேட்டார்கள்.

தூக்கமில்லாத டிரைவரால் வருகிற ஆபத்து ஒன்று. வரவேண்டிய டிரைவரே வராமல் போவதால் வருவது வேறு. நம் ஊரில் ‘ஆக்டிங் டிரைவர்’ சர்வ சாதாரணம். வழக்கமானவருக்குக் காய்ச்சல், மச்சான் ஓட்டி வருவார். 2005 டிசம்பரில் பெங்களூரில், கால் சென்டரில் வேலை பார்த்த ஒரு பெண்ணை அதிகாலையில் அழைக்க வந்தவன், அவருக்கு ஒதுக்கிய டிரைவர் இல்லை. அவர் வரவில்லை, அதனால் நான் வந்தேன் என்று சொல்லி ஏற்றிக்கொண்டு போனவன், அந்தப் பெண்ணைச் சீரழித்துக் கொன்றான். 2010-ல் அவனுக்கு ஆயுள் தண்டனை விதிக்கப்பட்டது. அந்த வழக்கின் இன்னொரு கிளை பலருக்கு நினைவிருக்காது. நிறுவனத்தின் நிர்வாக இயக்குநராக இருந்தவர் மீதும், இரவு வேலைப் பெண்களுக்குப் பாதுகாப்புத் தரவேண்டிய கடமையை வைத்து, கர்நாடகக் கடைகள் மற்றும் வணிக நிறுவனங்கள் சட்டத்தின் கீழ் வழக்கு வந்தது. அதை ரத்து செய்யச் சொல்லி உச்ச நீதிமன்றம் வரை போனார். 2008-ல் நீதிமன்றம் மறுத்துவிட்டது. வாடகை வண்டிதானே என்று முதலாளி கையை உதறிவிட முடியாது என்பதை அந்த நாளிலேயே நாடு பார்த்தது.

அதற்குப் பிறகு எல்லாப் பாலிசியிலும், டிரைவர் போட்டோவும் வண்டி எண்ணும் பயணிக்கு முன்கூட்டியே அனுப்பவேண்டும் என்று ஒரு வரி வந்துவிட்டது. அனுப்பவும் செய்கிறார்கள். ஆனால் போட்டோவில் ஒரு முகமும் வண்டியில் வேறு முகமும் இருந்தால், விடிகாலை நாலரைக்குத் தெருமுனையில் தனியாக நிற்கும் பெண் என்ன செய்வது? ஏறாமல் விட்டால் ஆப்சென்ட். சூப்பர்வைசருக்குப் போன் போட்டால் எடுக்கமாட்டார். ஏறிவிடுவார். ஆகவே பாலிசியில் முதலில் எழுதவேண்டியது இது: ஆளோ வண்டியோ மாறியிருந்தால் ஏற மறுக்கும் உரிமை தொழிலாளிக்கு உண்டு, மறுத்த நாளுக்குச் சம்பளம் பிடிக்கக் கூடாது, மாற்று வண்டிச் செலவு கம்பெனியுடையது. இந்த மூன்றும் இல்லாமல் போட்டோ அனுப்பி என்ன பயன்?

2007 நவம்பரில் புனேயில் நடந்ததைப் பாருங்கள். பி.பி.ஓ. ஒன்றின் இரவு வேலைக்குக் கிளம்பிய பெண்ணை அழைத்துப் போனது ஒப்பந்த வண்டியின் டிரைவரேதான். ஆனால் வண்டிக்குள் அவனுடைய நண்பனும் இருந்தான். வண்டி வேறு பாதையில் போனது. அந்தப் பெண் உயிரோடு திரும்பவில்லை. வண்டிக்குள் ரோஸ்டரில் இல்லாத ஒருவர், தெரிந்தவரோ மச்சானோ, உட்காரக்கூடாது என்று விதி வைப்பது சுலபம். “வழியில ஏத்திக்கிட்டேன் மேடம், நம்ம ஊர்ப் பையன்தான்” என்று டிரைவர் சொல்லும்போது சிரித்துக்கொண்டு விட்டுவிடாமல் இருப்பதுதான் கஷ்டம். அங்கே கறாராக இருந்தே ஆகவேண்டும்.

வேலை தருபவர் ஏற்பாடு செய்யும் வண்டியும் பணியிடமே என்று 2013-ஆம் ஆண்டின் பணியிடப் பாலியல் துன்புறுத்தல் தடுப்புச் சட்டம் தெளிவாகச் சொல்கிறது. வேனில் நடப்பதையும் உள்ளகப் புகார்க் குழு விசாரிக்க வேண்டும். இது பல கமிட்டி உறுப்பினர்களுக்கே தெரியாது. ஆலைக்குள் சுவருக்குச் சுவர் போஸ்டர் ஒட்டியிருப்பார்கள், வண்டிக்குள் ஒட்டியிருக்கமாட்டார்கள். புகார் எப்படி வரும் என்று தெரிந்தால்தான் அதன் அவசியம் புரியும். பெரும்பாலும் வேனுக்குள் ஒன்றும் நடக்காது. இரவு பதினொன்றரைக்கு ஒரு மிஸ்டு கால், மறுநாள் ஒரு ‘குட் மார்னிங்’ படம், அதற்கடுத்த நாள் “சாப்டியா?”. எண் எங்கிருந்து போனது? ட்ரிப் ஷீட்டிலிருந்து. பெயர், வீட்டு விலாசம், செல்போன் எண் எல்லாம் அச்சடித்த தாள் டாஷ்போர்டில் கிடக்கும். டீக்கடையில் வண்டி நிற்கும்போது கிளீனரும் படிப்பான், டீ மாஸ்டரும் படிப்பார். டிரைவருக்கு வேண்டியது எந்த ஸ்டாப்பில் எத்தனை பேர் என்பது மட்டும். பெயர் எதற்கு, எண் எதற்கு? யாரையாவது கூப்பிடவேண்டுமானால் டிரான்ஸ்போர்ட் டெஸ்க்குக்குச் சொல்லட்டும், டெஸ்க் கூப்பிடும். செலவே இல்லாத இந்த மாற்றத்தைச் செய்யவைப்பதற்கு நான் பட்ட பாடு சொல்லி மாளாது. “டிரைவருக்குக் கஷ்டமா இருக்கும்” என்று சொன்னவர்கள், அதுவரை டிரைவரின் எந்தக் கஷ்டத்தைப் பற்றியும் பேசாதவர்கள்.

வண்டியிலிருந்து இறங்கிய பிறகு என்ன ஆகிறது? கம்பெனி பஸ் மெயின் ரோட்டோடு நின்றுவிடும். அங்கிருந்து ஊருக்குள் ஒன்றரை, இரண்டு கிலோமீட்டர். அப்பாவோ அண்ணனோ டி.வி.எஸ். எக்ஸ்.எல்.லில் வந்து காத்திருப்பார்கள். அப்பாவுக்கு உடம்பு சரியில்லாத அன்று பெண் லீவு போடுவாள், அல்லது நடப்பாள். அவள் எதைச் செய்தாலும் கம்பெனி ரெக்கார்டில் ‘டிராப் முடிந்தது’ என்றுதான் இருக்கும். வீட்டு வாசல் வரை விடவேண்டும் என்று விதி வைத்தால் தீர்ந்ததா? அதுவுமில்லை. “வாசல் வரைக்கும் வேணாம் மேடம், அர்த்தராத்திரியில வேன் வந்து நின்னா தெருவுல பேசுவாங்க” என்று சொன்ன பெண்கள் நிறையப் பேர். தெருவைத் திருத்த என்னால் முடியாது. ஒரே ஊர்க்காரர்கள் இருவரை ஒரே ஷிப்டில் போடுவதற்கு முடியும். சேர்ந்து இறங்கி, சேர்ந்து நடப்பார்கள். ஷிப்ட் ரோஸ்டரை எழுதும்போதே ரூட்டையும் பக்கத்தில் வைத்து எழுதினால் போதும். எழுதுகிறவர் புரொடக்ஷன் ஆள், ரூட் வைத்திருப்பவர் அட்மின் ஆள், இருவரும் ஒரே மேஜையில் உட்காருவதில்லை. இந்தச் சின்னச் சிக்கலால்தான் ராத்திரியில் பெண்கள் தனியாக நடக்கிறார்கள்.

ஓவர்டைம் விஷயம் இன்னும் மோசம். பஸ் பத்தரைக்குக் கிளம்பிவிடும். “இந்த லாட் மட்டும் முடிச்சிட்டுப் போம்மா” என்று பதினொன்றுக்கு நிறுத்திவைக்கப்பட்டவர் தன் பாட்டைத் தானே பார்த்துக்கொள்ள வேண்டும். 2014 பிப்ரவரியில் சிறுசேரி ஐ.டி. பூங்காவில், இரவில் வேலை முடித்துத் தனியாக நடந்து கிளம்பிய இளம்பெண் கொல்லப்பட்டார். உடல் கிடைக்கவே ஒன்பது நாள் ஆயிற்று. அப்போது புதர் வெட்டி, விளக்குப் போட்டு, ரோந்து விட்டு எல்லாம் செய்தார்கள். அது மட்டும் போதாது. யார் ஒருவரை ஷிப்ட் நேரம் தாண்டி இருக்கச் சொல்கிறாரோ அவரே வண்டிக்குச் சொல்லிவிட்டுத்தான் வேலையைச் சொல்லவேண்டும். ஓவர்டைம் படிவத்தில் வண்டி எண்ணுக்கு ஒரு கட்டம் போட்டுவிட்டால், அது நிரம்பாமல் கையெழுத்து ஆகாது.

சட்டங்கள் பெரும்பாலும் பெண்களை மையமாக வைத்தே இதைப் பேசுகின்றன. பெண்களைத் தொழிற்சாலையில் இரவில் வேலைக்கு வைக்கக்கூடாது என்ற 1948 சட்டப் பிரிவை 2000 டிசம்பரில் சென்னை உயர் நீதிமன்றம் ரத்து செய்தபோது, போக்குவரத்து வசதி உள்ளிட்ட நிபந்தனைகளோடுதான் கதவைத் திறந்தது. கடைகளை 24 மணி நேரமும் திறந்துவைக்க 2019-ல் தமிழக அரசு அனுமதி தந்தபோதும், ஷிப்டில் வரும் பெண்களுக்கு வண்டி ஏற்பாடு செய்யவேண்டும், அது இருப்பதை நிறுவனத்தின் முக்கிய வாசலில் அறிவிப்பாக வைக்கவேண்டும் என்று நிபந்தனை போட்டது. அடுத்த முறை இரவில் துணி எடுக்கப் போகும்போது வாசலில் அந்தப் பலகையைத் தேடிப் பாருங்கள். தள்ளுபடிப் பலகைக்குப் பின்னால்கூட நான் அதைக் கண்டதில்லை.

இந்த நிபந்தனைகள் தேவை. ஆனால் பெண்ணுக்கு மட்டும் வண்டி என்று வைத்தால், பெண்ணை எடுத்தால் வேன் செலவு, எஸ்கார்ட் செலவு என்று கணக்குப் பார்த்து, ஆண்களையே எடுக்கிற கம்பெனிகளை எனக்குத் தெரியும். ஆணுக்கும் வண்டி வேண்டும் என்பதற்கு அது ஒரு காரணம். அதைவிடப் பெரிய காரணம் காலை ஆறு மணிக்கு டூவீலர் ஸ்டாண்டில் நின்று பார்த்தால் விளங்கும். எட்டு மணி நேரம் நின்று வேலை செய்த இருபத்திரண்டு வயசுப் பையன்கள் முகத்தில் தண்ணீர் அடித்துக்கொண்டு, கனரக லாரிகள் போகும் சென்னை - பெங்களூர் நெடுஞ்சாலையில் ஏறுகிறார்கள். வழியில் தூங்கி விழுந்தால் அது ‘சாலை விபத்து’. கம்பெனி மலர்வளையம் அனுப்பும்.

இதிலும் சட்டம் கம்பெனியைத் தள்ளி நிற்கவிடவில்லை. முதலாளி ஏற்பாடு செய்த வண்டியில் நடக்கும் விபத்து வேலையில் நடந்ததாகவே கருதப்படும் என்று இ.எஸ்.ஐ. சட்டத்தில் நெடுங்காலமாக இருந்துவந்தது. வீட்டுக்கும் வேலைக்கும் இடையே சொந்தமாகப் போய்வரும்போது நடக்கும் விபத்தையும், வேலையோடு தொடர்பு நிரூபணமானால், 2010 திருத்தம் அதற்குள் கொண்டுவந்தது. மகாராஷ்டிரத்தில் ஒரு சர்க்கரை ஆலை வாட்ச்மேன். அவர் வேலை அதிகாலை மூன்று மணிக்கு ஆரம்பம். 2003-ல் ஒருநாள் மோட்டார் சைக்கிளில் போகும்போது, ஆலைக்கு ஐந்து கிலோமீட்டர் முன்னால் விபத்தில் இறந்தார். இழப்பீட்டு ஆணையர் அவர் குடும்பத்துக்குப் பணம் தரச் சொன்னார். உயர் நீதிமன்றம் அதை ரத்து செய்தது. 2025 ஜூலையில் உச்ச நீதிமன்றம்தான், வேலைக்குப் போகும் வழியில் நடந்ததும் வேலையில் நடந்ததே என்று சொல்லி இழப்பீட்டைத் திருப்பிக் கொடுத்தது. அந்தக் குடும்பம் இருபத்திரண்டு வருடம் காத்திருந்தது. மூன்று மணிக்கு வா என்று சொன்ன ஆலை ஒரு வேன் அனுப்பியிருந்தால் இந்த வழக்கே இல்லை.

கான்ட்ராக்ட் தொழிலாளிகளைப் பற்றிச் சுருக்கமாகத்தான் சொல்ல முடியும், ஏனென்றால் அவர்களுக்கு எந்தப் பாலிசியும் இல்லை. நிரந்தரத் தொழிலாளிக்கு ஏ.சி. பஸ்; அதே லைனில் பக்கத்தில் நிற்கும் ஒடிசாப் பையனும் பீகார்ப் பையனும் குட்டி யானையின் பின்னால் நின்றுகொண்டு வருவார்கள். சரக்கு வண்டியில் ஆள் ஏற்றுவது குற்றம் என்று தெரியாதவர் இல்லை. கேட்டுக்கு நூறு மீட்டர் தள்ளி இறக்கிவிட்டால் கம்பெனி கண்ணில் படாது, அவ்வளவுதான். கேட்டுக்குள் நுழைகிற எந்தத் தொழிலாளியும் எந்த வண்டியில் வந்தார் என்பதற்கு ஆலை பொறுப்பு என்று எழுதாத பாலிசி, பாதிப் பேரைக் கணக்கில் எடுக்காத பாலிசி.

அரசிடம் கேட்பதற்கு ஒன்று இருக்கிறது. 2012 ஜூலையில் தாம்பரம் அருகே பள்ளிப் பேருந்தின் தரையில் இருந்த ஓட்டை வழியாக ஒரு சிறுமி விழுந்து இறந்தபோது தமிழகமே கொதித்தது. உயர் நீதிமன்றம் தானாக முன்வந்து விசாரித்தது. அதே வருடம் பள்ளிப் பேருந்துகளுக்கென்று தனி விதிகள் வந்தன. இன்றைக்கும் ஒவ்வொரு மே மாதமும் மைதானத்தில் பள்ளி வண்டிகளை வரிசையாக நிறுத்தி, ஆர்.டி.ஓ.வும் போலீசும் கல்வித்துறையும் சேர்ந்து தரையைத் தட்டிப் பார்க்கிறார்கள், அவசர வழியைத் திறந்து பார்க்கிறார்கள், டிரைவர்களுக்குக் கண் பரிசோதனை செய்கிறார்கள். தொழிற்சாலை வண்டிகளுக்கு அப்படி ஒரு கூட்டுச் சோதனை நடந்து என் சர்வீஸில் நான் பார்த்ததில்லை. இத்தனைக்கும் காலையில் பள்ளிக்கூடத்துக்கு ஓடுகிற அதே மஞ்சள் வண்டிதான் பல இடங்களில் இரவில் ஷிப்டுக்கும் ஓடுகிறது. மே மாதம் சோதித்த வண்டியே மூன்று மடங்கு வேலை பார்க்கிறது என்பது அந்த மைதானத்தில் நிற்கும் அதிகாரிக்குத் தெரியாது.

தொழிலாளர் துறையும் போக்குவரத்துத் துறையும் சேர்ந்து தொழிலாளர் வண்டிகளுக்குத் தனி விதிகளைக் கொண்டுவர வேண்டும். வருடாந்திரக் கூட்டுச் சோதனை அதில் இருக்கட்டும். அதற்கு முன்னால், ஒவ்வொரு வண்டிக்கும் ஒரு டிரைவர் நேரப் புத்தகம் கட்டாயமாகட்டும்: எந்தக் கம்பெனிக்கு, எந்தப் பள்ளிக்கு, எந்தக் கல்யாணத்துக்கு ஓட்டினாலும் ஒரே புத்தகத்தில் பதிவாகி, ஒவ்வொரு கேட்டிலும் அதைப் பார்த்த பிறகே உள்ளே விடவேண்டும். எட்டு மணி நேரம் ஓய்வு காட்டாத புத்தகத்தோடு வந்தவருக்கு அன்று இரவு ட்ரிப் கிடையாது. அவருக்கு அன்றைய கூலி உண்டு, வண்டியை வேறு ஆள் ஓட்டட்டும். கூலி இல்லாமல் திருப்பி அனுப்பினால் புத்தகத்தில் பொய் எழுதுவார். நானாக இருந்தாலும் எழுதுவேன்.

டெண்டர் கவரைப் பிரிக்கப்போகிற மேலாளர்கள் அரசு விதி வரும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. அடுத்த ஒப்பந்தத்தில், ஒரு வண்டிக்கு இரண்டு டிரைவர் என்று எழுதுங்கள்; குறைந்த விலை போட்டவரை அழைத்து, அந்த விலையில் இரண்டாவது ஆளுக்கு எங்கிருந்து சம்பளம் தருவீர்கள் என்று கேளுங்கள். அவரிடம் கணக்கு இல்லையென்றால் அந்தக் கவரைத் திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.